விரல் நீட்டினால் ‘தி’

ஆங்கிலத்தில் எனக்குப் பெரிய பயமெல்லாம் கிடையாது. ‘நான்-கன்ஃபார்மிட்டி’, ‘மெட்டலர்ஜி’ போன்ற பல்லை உடைக்கிற வார்த்தைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். நான் மண்ணைக் கவ்வியது ‘தி’ என்ற ஒரு பொடிச் சொல்லிடம். தனியாக நிறுத்திக் கேட்டால் அதற்கு அர்த்தம்கூடக் கிடையாது. அர்த்தமே இல்லாத ஒரு சொல் ஒரு மனிதனை இந்தப் பாடு படுத்துமா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

ஓசூரில் எந்த டீக்கடையில் பத்து நிமிடம் நின்றாலும் மூன்று மொழி காதில் விழும். தமிழில் ‘ஒரு டீ’, கன்னடத்தில் ‘ஒந்து டீ’, தெலுங்கில் ‘ஒக டீ’. டீ வந்துவிடும். ‘எந்த டீ? ஏற்கெனவே நாம் பேசிக்கொண்ட டீயா, இல்லை பொதுவான டீயா?’ என்று எந்தக் கடைக்காரரும் யாரையும் நிறுத்தி விசாரித்ததில்லை. எங்கள் பக்கத்தில் மூன்று மொழிக்காரர்கள் காலங்காலமாகக் கல்யாணம் செய்து, சண்டை போட்டு, நிலம் வாங்கி விற்று வாழ்ந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் ‘தி’ தேவைப்படவில்லை. எனக்கு மட்டும் தேவைப்பட்டது.

நான் நாகரசம்பட்டிக்காரன். அப்பாவுக்கு அங்கே மாந்தோப்பு. டிப்ளமோ முடித்ததும் ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பிராக்கெட், கிளாம்ப் அடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ட்ரெயினியாகச் சேர்ந்தேன். எங்கள் மேனேஜர் நஞ்சுண்டன் சார். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பைக்கில் வருவார். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம். என்னிடம் பெரும்பாலும் கன்னடத்தில்தான் பேசினார்.

ஒரு நாள் என் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்தார்.

“ஏனப்பா செல்வா, இது ரிப்போர்ட்டா தந்தியா? ‘பார்ட் நாட் ஓகே. மெஷின் ஸ்டாப். ஆக்‌ஷன் டேக்கன்.’ படிச்சதும் யாரோ போயிட்டாங்கன்னு நெனைச்சேன். நடுவுல ‘தி’ கீ எல்லாம் போட மாட்டியா?”

(அந்த ‘கீ’யை நான் கவனித்திருக்க வேண்டும். அவருக்கே அதில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. மேனேஜர் எதைச் சொன்னாலும் உயிரைக் கொடுக்கிற வயது.)

அந்த வாரமே பாகலூர் சாலையில், டயர் கடை ஒன்றின் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஷீலா மேடம் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தத்தை மீறிக் கத்திக் கத்திப் பாவம் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. அன்றைய பாடம் ‘தி’.

“ஒரு பொருளைக் குறிப்பா சுட்டிக் காட்டும்போது அதுக்கு முன்னாடி ‘தி’ வரும். அதுக்குப் பின்னாடி கட்டாயம் ஒரு பெயர்ச்சொல் வரும். ஆனா…” என்றார் மேடம்.

அப்போது மணி ஒன்றே கால். ஒன்றரைக்கு பஸ் ஸ்டாண்டு முக்கில் கம்பெனி பஸ். விட்டால் இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆப்சென்ட். நான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். ஆங்கில இலக்கணம் மொத்தமும் அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வார வகுப்புக்கு நஞ்சுண்டன் சார் ஓவர்டைம் போட்டுவிட்டதால் போகவில்லை. போகவில்லையே என்று வருத்தமும் இல்லை. ஏனென்றால் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சுட்டிக் காட்டினால் ‘தி’. அதாவது, விரல் நீட்டினால் ‘தி’. இவ்வளவுதானா!

அறையில் பயிற்சி நடந்தது. என்னோடு தங்கியிருந்த இரண்டு பேரும் அந்த மூன்று வாரம் என்னோடு எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று தெரியவில்லை. தி பக்கெட். தி சோப்பு. தி உப்புமா. ஒவ்வொன்றுக்கும் ஆள்காட்டி விரலை நீட்டிச் சொல்வேன். ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டு, “உப்புமாவே சகிக்கல, இதுல தி வேறயா” என்றான்.

இந்த நேரத்தில்தான் இங்கிலாந்திலிருந்து ஆடிட் வந்தது.

அங்கே இருக்கிற ஒரு வண்டிக் கம்பெனி எங்களுக்குப் புது பிராக்கெட் ஆர்டர் கொடுப்பதாக இருந்தது. அவர்களுடைய ஆள் வந்து தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து, சரி என்றால்தான் ஆர்டர். அதை நம்பி, தகட்டை அழுத்தி வளைக்கிற மெஷின்களோடு புது பிரஸ் லைன் போட்டு, இருபது கான்ட்ராக்ட் ஆபரேட்டர்களை மூன்று மாதமாகப் பழக்கி வைத்திருந்தோம். ஆர்டர் வராவிட்டால் அந்த இருபது பேரும் அடுத்த மாதம் கேட்டுக்கு வெளியே. என் ட்ரெயினி வருஷமும் அதே மாதம் முடிகிறது. நிரந்தரமா, நாகரசம்பட்டி மாந்தோப்பா என்பது நஞ்சுண்டன் சார் கையெழுத்தில் இருந்தது.

ஆடிட்டரை எப்போதும் நஞ்சுண்டன் சார்தான் அழைத்துப் போவார். அன்று காலையில் கம்பெனிக்கு வந்தவர் வாயைத் திறந்தார், காற்று வந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் தொண்டை முழுசாகக் கட்டிவிட்டது. வெந்நீர், மிளகு, ஆவி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்பதரைக்கு ஆடிட்டர் கார் கேட்டுக்குள் நுழைகிறது. நஞ்சுண்டன் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆங்கிலம் பேசுகிறவன் என்று கையில் இருந்தது நான் ஒருவன். என்னை நோக்கி விரலை நீட்டினார். அவர் முகத்தில் அப்போதே ஒரு துக்கம் இருந்தது.

வந்தவர் பெயர் கிரஹாம். உயரமான, அமைதியான மனிதர். எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டு நோட்டில் எழுதுகிறவர். அவர் கேட்டதையெல்லாம் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதை மட்டும் நான் சொன்னபடியே எழுதுகிறேன், என் தலையெழுத்து அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘தி’ போட்டுச் சொன்னால் ஆங்கிலேயன் காதில், ‘இங்கே இருப்பது இது ஒன்றுதான்’ என்று விழும். இது உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு அன்றைக்குத் தெரியாது.

உள்ளே நுழைந்ததும் பச்சைக் கதவு. நீட்டினேன் விரலை. “திஸ் இஸ் தி எமர்ஜென்ஸி எக்ஸிட்.”

கிரஹாம் நின்றார். “தி எக்ஸிட்டா?”

“எஸ் சார். தி எக்ஸிட்.”

“எல்லாருக்குமா?”

“எஸ் சார். ஃபார் தி எவ்ரிஒன்.”

எழுதிக்கொண்டார். (மீதி மூன்று வழிகள் மற்ற மூன்று மூலையிலும் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. அதையெல்லாம் அப்புறம் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.)

அடுத்தது தூணில் மாட்டியிருந்த சிவப்பு சிலிண்டர். “திஸ் இஸ் தி ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர்.”

கிரஹாம் அந்தச் சின்ன சிலிண்டரைப் பார்த்தார். தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். இந்தக் கட்டடம் எவ்வளவு பெரியது என்று கேட்டார். நமது கம்பெனியின் பெருமையைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததே என்று எனக்குப் பூரிப்பு. “ஃபார்ட்டி தௌசண்ட் ஸ்கொயர் ஃபீட், சார்!” என்றேன் சத்தமாக. அவர் மறுபடியும் சிலிண்டரைப் பார்த்தார். இந்த முறை பரிதாபமாக.

பின்னால் வந்த நஞ்சுண்டன் சார் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். கண்ணை உருட்டினார். தன் ஆள்காட்டி விரலைத் தானே பிடித்து முறுக்கினார். விரலைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று புரிந்தது. இன்னும் நன்றாக நீட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தோளிலிருந்தே நீட்ட ஆரம்பித்தேன்.

கேன்டீன் போகிற வழியில் அந்த மாதச் சிறந்த தொழிலாளியின் போட்டோ மாட்டிய போர்டு. அதை நான் சும்மா விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. “ஹி இஸ் தி ஒர்க்கர்” என்றேன்.

கிரஹாமின் புருவம் உயர்ந்தது. “அப்படியென்றால் மற்றவர்கள்?”

என்ன கேள்வி இது என்று எனக்குக் குழப்பம். மற்றவர்களை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. “அதர்ஸ் ஆர் ஆல்ஸோ கமிங் டெய்லி, சார்” என்றேன்.

இதுவரைக்கும் நடந்ததைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அடுத்து நாங்கள் போனது புது பிரஸ் லைனுக்கு.

இருபது பேரும் நீலச் சட்டையில் வரிசையாக நின்றிருந்தார்கள். பலர் ஆறு மணிக்கே வந்து மெஷினைத் துடைத்திருந்தார்கள். முதல் மெஷினில் முனிரத்தினம். சூளகிரிப் பக்கத்துப் பையன், வீட்டில் தெலுங்கு, நல்ல வேலைக்காரன். நான் முழுக் கையையும் நீட்டி, “ஹி இஸ் தி ட்ரெய்ன்ட் ஆபரேட்டர்” என்றேன்.

கிரஹாம் எழுதுவதை நிறுத்தினார். வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார்.

“அப்படியானால் மீதிப் பேர்?”

“தே ஆர் தி ஆபரேட்டர்ஸ், சார்.”

“பயிற்சி பெற்றவர் இவர்.”

“எஸ் சார்! ஹி இஸ் தி.”

‘ஹி இஸ் தி.’ பெயர்ச்சொல்கூட இல்லாமல் ‘தி’ போட்ட ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

கிரஹாம் நோட்டை மூடினார். மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்: இத்தனை பெரிய பிரஸ் மெஷின்களில் பயிற்சி இல்லாதவர்கள் வேலை செய்வது ஆபத்து, மீதிப் பேருக்கும் பயிற்சி கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரைக்கும் இந்த லைனை நான் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆனால் ‘முடியாது’ எந்த மொழியில் சொன்னாலும் புரிந்துவிடுகிறது. வரிசையில் நின்றிருந்தவர்களுக்கும் புரிந்தது. துணியால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு கை அப்படியே நின்றது.

நஞ்சுண்டன் சார் என் கையிலிருந்த பேடைப் பிடுங்கி, பெரிய எழுத்தில் ஏதோ எழுதி, என் முகத்துக்கு நேரே காட்டினார். இரண்டே வார்த்தை: ‘நோ தி.’

நான் அதைப் படித்தேன். காத்திருந்தேன். ‘தி’க்குப் பின்னால் கட்டாயம் ஒரு பெயர்ச்சொல் வரும் என்று மேடம் சொல்லியிருக்கிறார் அல்லவா? சார் அவசரத்தில் அதை எழுத விட்டுவிட்டார். நோ தி… எது? எது இல்லை? சாரோ அந்த இரண்டு வார்த்தைக்கும் அடியில் கோடு மேல் கோடாகப் போடுகிறார், பேப்பர் கிழிகிற அளவுக்கு. எதுவோ இல்லை, உடனடியாக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று. மின்னல் அடித்த மாதிரி புரிந்தது. விருந்தாளி வந்து ஒன்றரை மணி நேரமாகிறது, இன்னும் ஒரு வாய் டீ கொடுக்கவில்லை!

“சாரி சார், மறந்தே போச்சு!” என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்கு ஓடினேன். (கம்பெனியின் ஆர்டர் போய்க்கொண்டிருக்கிறது, இருபது பேர் பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. நான் சர்க்கரை தனியாக எடுத்துப் போகலாமா, கலந்தே எடுத்துப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.)

நான் டீத் தட்டோடு திரும்பி வந்தபோது லைனின் காட்சியே மாறியிருந்தது. கிரஹாம் நோட்டைத் திறந்திருந்தார். அவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தது மாதம்மா அக்கா.

மாதம்மா அக்கா அந்த இருபது பேரில் ஒருவர், சாமல்பட்டிக்காரர். வீட்டுக்காரரோடு ஓசூரில் வாடகை வீட்டில் இருந்தார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்கு மூன்று வருஷம் சமைத்துப் போட்டவர். அது எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“சார், ஆல் ஆபரேட்டர் ட்ரெய்னிங் ஃபினிஷ்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா. “ட்வென்டி பீப்பிள், ட்வென்டி கார்டு. யூ ஆஸ்க் எனிபடி, வீ ரன் மெஷின், யூ சீ. எக்ஸிட் ஃபோர். ஃபயர் சிலிண்டர் சிக்ஸ்டீன். கம், ஐ ஷோ.”

கழுத்தில் தொங்கிய பயிற்சிக் கார்டை எடுத்து நீட்டினார். வரிசையில் இருந்த மீதிப் பத்தொன்பது பேரும் தங்கள் கார்டை எடுத்து நீட்டினார்கள். கிரஹாம் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, அங்கொருவர் இங்கொருவராக நான்கு பேரை மெஷின் ஓட்டிக் காட்டச் சொன்னார். நான்கு பேரும் பிசிறில்லாமல் ஓட்டினார்கள். கிரஹாமுக்கு அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அந்தப் பேச்சு முழுவதிலும் ஒரு ‘தி’கூட இல்லை. வேண்டுமானால் மறுபடி மேலே போய் எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக கிரஹாம் என் பக்கம் தலையசைத்து ஏதோ கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எரிச்சல் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

“திஸ் பாய் நியூ இங்கிலீஷ், சார்,” என்றார்.

கிரஹாம் சிரித்தார். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. என் தட்டைப் பார்த்து, “இஸ் திஸ் தி டீ?” என்று கேட்டார்.

“எஸ் சார், தி டீ,” என்றேன். லைன் முழுக்கச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

ஆர்டர் கிடைத்தது. இருபது பேரும் இருந்தார்கள். ஆனால் எனக்கு அதோடு முடியவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எதிரே முனிரத்தினம் வந்து நின்றான்.

“எதுக்கு சார் என்னைக் கை காமிச்சீங்க? ஆடிட்டரு போனதுலேர்ந்து ஒருத்தன் மெஷினத் தொட மாட்டேங்கறான். ‘நீதான தெரிஞ்சவன், இருபதையும் நீயே ஓட்டு’ன்னு சொல்லிக்கினு உக்காந்துகினு கீறானுங்க.”

மன்னிப்புக் கேட்டேன். “இனிமே யாரையாச்சும் காமிக்கணும்னா தாடையால காமிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் நஞ்சுண்டன் சாருக்குக் குரல் வந்தது. குரல் வந்ததும் அவர் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். “செல்வா, நின் கை கொடு” என்றார். கை குலுக்கப் போகிறார், ஆர்டர் வந்த சந்தோஷம் என்று நினைத்துக் கொடுத்தேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினார். “இத ஒளகே இட்கோ,” என்றார். உள்ளேயே வைத்துக்கொள். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. தொண்டையா, துக்கமா தெரியாது.

அடுத்த வாரம் இங்கிலாந்திலிருந்து ஆடிட் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரி, ஒரே ஒரு குறிப்பு. சுற்றிக் காட்டியவர் ‘தி’யைப் பயன்படுத்திய விதம் பாதுகாப்புச் சாதனங்களின் எண்ணிக்கை பற்றிக் குழப்பம் உண்டாக்கியது, இதற்குக் காரணம் கண்டறிந்து, நடவடிக்கை எடுத்து, தெரிவிக்கவும்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் கொடுமை தெரியும். ஆடிட்டர் குறிப்பு எழுதிவிட்டால் அதற்கு ‘ஐந்து ஏன்’ எழுத வேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை தோண்டி வேரைப் பிடிக்க வேண்டும். பார்ட்டில் விரிசல் விட்டால் எழுதுகிற படிவம் அது. நான் ஒரு சொல்லுக்கு எழுதினேன்.

ஏன் குழப்பம் வந்தது? ‘தி’ போட்டதால். ஏன் ‘தி’ போட்டார்? விரல் நீட்டியதால். விரல் நீட்டினால் ஏன் ‘தி’ போட்டார்? விதியின் மீதிப் பாதி தெரியாததால். ஏன் தெரியவில்லை? அடுத்த வகுப்புக்குப் போகாததால். ஏன் போகவில்லை? மேனேஜர் ஓவர்டைம் போட்டதால்.

ஐந்தாவது ஏனைப் படித்ததும் நஞ்சுண்டன் சார் பேனாவை எடுத்து அடித்துவிட்டார். “நாலு ஏன் சாக்கு” என்றார். கன்னடத்தில் ‘போதும்’ என்று அர்த்தம்.

நடவடிக்கை என்ற கட்டத்தில், ட்ரெயினியை மறுபடி வகுப்புக்கு அனுப்பி வருகைச் சான்றிதழ் பெறப்படும் என்று அவரே எழுதினார். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் நிரந்தரம். ‘தி’யில் பாஸாகி வேலை நிரந்தரமானவன் இந்தத் தொழிற்பேட்டையில் நான் ஒருவன்தான்.

திரும்பப் போய் உட்கார்ந்தேன். ஷீலா மேடம் விட்ட இடத்திலிருந்து சொன்னார்: “ஆனா, கேக்கிறவங்களுக்கு எதைச் சொல்றோம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா அது ஒண்ணே ஒண்ணா இருக்கணும்.” ஆகா, இவ்வளவுதானே என்று எழுந்தேன். “உக்காருங்க, இன்னும் இருக்கு,” என்றார்.

இருந்தது. ஐயா, என்னென்னவெல்லாம் இருந்தது! காவிரிக்கு ‘தி’ உண்டு, தென்பெண்ணைக்கும் உண்டு. ஏரிக்குக் கிடையாது. மலைத்தொடருக்கு உண்டு, தனி மலைக்கு இல்லை. ஓசூருக்கு இல்லை, பெங்களூருக்கும் இல்லை. (எத்தனை ஐடி கம்பெனி வைத்தும் அதற்கும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி.) காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் ‘தி’ இல்லை. படுத்தவரைப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனால் உண்டு. பழத்துக்குத்தான் ‘தி’யா என்று கேட்டேன். மேடம் அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டார்.

எனக்கு நிரந்தரம் கிடைத்தது. மாதம்மா அக்கா லைன் லீடர் ஆனார். அடுத்த ஆடிட்டிலிருந்து வெளிநாட்டுக்காரர்களைச் சுற்றிக் காட்டுவது அவர்தான். நான் டீயைப் பார்த்துக்கொண்டேன்.

கம்பெனியில் என் பெயர் அதற்குள் மாறிவிட்டது. ‘தி செல்வராஜ்’. உலகத்துக்கே ஒரு செல்வராஜ்தான் என்ற அர்த்தத்தில் முனிரத்தினம் ஆரம்பித்து வைத்தான். கேலிதானே, நாலு நாளில் அடங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். அதைத் தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். கிருஷ்ணகிரியில் மண்டபம். அப்பா பெயர் பெருமாள், பத்திரிகையில் ‘பெ. செல்வராஜ்’ என்று அச்சகத்தில் உட்கார்ந்து அப்பாவே சரிபார்த்து அடித்தார். கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் லாரி நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். என் போட்டோ. கீழே: ‘எங்கள் அன்பு அண்ணன் தி. செல்வராஜ் அவர்களின் திருமண விழாவிற்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கும் பிரஸ் லைன் நண்பர்கள்.’ பேனர் அடித்த ஆள், இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போய்விட்டது என்று நினைத்து அவனாகவே பொறுப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தான்.

பெண்ணின் தாய்மாமன் காவேரிப்பட்டணத்துக்காரர், எதையும் விசாரிக்காமல் விடாதவர். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பேனருக்குக் கீழே நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். நேராக அப்பாவிடம் வந்தார்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரிகைல பெ-ன்னு இருக்குது, வாசல்ல தி-ன்னு இருக்குது. போட்டோல இருக்கிறது மாப்ளதான். யாருங்க அந்த தி-னா? சுவீகாரம் கிவீகாரம் ஏதாச்சும்…”

அப்பா முகம் கறுத்துவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம். பாதி மாலையோடு என்னை இழுத்து வந்து நிறுத்தினார்.

“டேய், நான் உசுரோடதானே கீறேன்? யார்ரா அது தி-னா? மாமாவுக்குச் சொல்லு.”

சொன்னேன். “மாமா, இங்கிலீஷ்ல ‘தி’ன்னு ஒரு சொல்லு இருக்குது…”

“சரி, அதுக்கு இன்னா அர்த்தம்?”

“அர்த்தம் இல்லீங்க மாமா.”

“அர்த்தமில்லாதத எதுக்கு மாப்ள பேர்ல போட்டுக்கினீங்க?”

“நான் போடலீங்க. ஒரு பொருளைச் சுட்டிக் காட்டறப்ப…” என்று விரலை நீட்டினேன். அது நேராக அப்பாவின் நெஞ்சுக்கு நேரே நின்றது. அப்பா அந்த விரலையும் என்னையும் பார்த்த பார்வை ஆல்பத்தில் இருக்கிறது. போட்டோகிராபர் விடவில்லை. காவிரி, ஏரி, ஆஸ்பத்திரி, பழம் என்று நான் சொல்லச் சொல்ல மாமாவின் சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. நாதஸ்வரக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா, தட்டு எடுக்க உள்ளே போகிற அவசரத்தில் நின்றார். ஒரு நிமிடம் கேட்டார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

“அண்ணா, அது ஒண்ணுமில்ல. கம்பெனில யாராச்சும் கேள்வி கேட்டா இவன் திருதிருன்னு முழிப்பானாம். அதுக்குத்தான் தி-ன்னு வெச்சிட்டாங்க. வாங்க, நேரமாச்சு.”

மாமா என் முகத்தைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. “சரிதாங்க தங்கச்சி, பொருத்தமாத்தான் கீது” என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பெண்ணை அழைத்து வரப் போனார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கு நான் கம்பெனியில் சீனியர் இன்ஜினியர், எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் காவேரிப்பட்டணத்து மாமா பந்தியின் அந்தக் கோடியிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி கத்துவார்:

“வாங்க மாப்ள! இப்ப எந்த இனிஷியல்ல கீறீங்க?”